துளசிப் பெட்டிக்குக் கேட்காதது

கோபம் வந்தால் துளசிமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பாள். அன்றைக்குக் காலை பத்து மணிக்குள் மூன்று தடவை துடைத்தாயிற்று. ஆய்வக மேசைமேல் ஒரு கடிதம் கிடந்தது. பொன்னூத்து மில் மேலாளர் ஜெயகோபால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்.

மில்லில் ஒரு விபத்து நடந்துவிட்டதாம். மரகதம் என்கிற தொழிலாளி வலிப்பு வந்து, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷின் பக்கம் விழுந்துவிட்டாளாம். இடது கை பெல்ட்டுக்குள் போய் மூன்று விரல்கள் போய்விட்டன. வலிப்பை முன்கூட்டிச் சொல்லும் தன் முன்மணி அடிக்கவேயில்லை, மில்லில் புதிதாக மாட்டிய விளக்குகள்தான் அதைக் கெடுத்தன என்று அவள் புகார் கொடுத்திருக்கிறாள். வியாழக்கிழமை விசாரணை. விளக்குகளைச் சோதித்துச் சான்றிதழில் கையெழுத்திட்டவர் என்ற முறையில் துளசிமணி வந்து, விளக்கில் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

"என் விளக்கு மேலயே பழியா?" என்று துளசிமணி தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். விளக்கு அவளுடையதில்லை. ஆனால் அதை அளந்த பெட்டி அவளுடையது. தமிழ்நாட்டில் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் அதைத் துளசிப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்து, பிஸ்கட் தகரத்தில் அவள் செய்த பெட்டி அது. பெற்ற பிள்ளையைச் சொன்னால் பொறுத்துக்கொள்வாள், பெட்டியைச் சொன்னால் பொறுக்கமாட்டாள்.

முன்மணி வந்து ஆறு வருடம் ஆகிறது. வலிப்பு உள்ளவர்களுக்குத் தலைத்தோலின் கீழ் நகத்தளவு சில்லு ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள். வலிப்பு வர அரை நிமிடம் இருக்கும்போதே அது கண்டுபிடித்து, மணிக்கட்டில் கட்டிய பட்டைக்கு ரேடியோ வழியாகச் சொல்லும். பட்டை விடாமல் அதிரும். நிற்கிற ஆள் ஒதுங்கிப்போய் உட்கார்ந்துகொள்ளலாம். முன்மணி கட்டியவர்களை மிஷின் வேலைக்கு எடுக்கலாம் என்று அதற்குப் பிறகுதான் சட்டமே வந்தது. அதுவரை அவர்களுக்கு யார் வேலை கொடுத்தார்கள்? பொண்ணு பார்க்க வந்தவனிடம் மறைத்து, வேலைக்குப் போன இடத்தில் மறைத்து, கடைசியில் நடுரோட்டில் விழுந்து ஊருக்கே தெரிந்த கதைகள்தான் எத்தனை!

பதினொரு மணிக்கு அந்த மரகதமே வந்து நின்றாள். இருபத்தெட்டு வயதிருக்கும். இடது கையில் முழங்கை வரை கட்டு. வலது மணிக்கட்டில் பட்டை.

"மேடம், நானுதானுங்க மரகதம். உங்களப் பாக்கோணும்னு ஆட்டோ புடிச்சு வந்தனுங்க."

"உட்காரு அம்மிணி. வியாழக்கிழமைதானே விசாரணை? இங்க எதுக்கு வந்தே?"

"நீங்க வந்து விளக்கு நல்ல விளக்குன்னு சொல்லிப்போட்டீங்கன்னா, நான் பொய் சொன்னேன்னு ஆயிருமுங்க. பட்டையைச் சார்ஜ் போடாம வந்தேன்னு மேனேஜரு எழுதி வச்சிருக்காரு. என்னோட சேர்த்து மில்லுல பன்னண்டு பேரு முன்மணி கட்டியிருக்கறோம். அத்தன பேரையும் நிறுத்திப்போடறாங்களாமுங்க."

துளசிமணிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கண் பட்டையின்மேல் போயிற்று. சில்லும் பட்டையும் பேசிக்கொண்டிருந்தால் பட்டையில் கடுகளவு பச்சைப் புள்ளி எரியவேண்டும். எரியவில்லை.

"இங்க பாரு கண்ணு, சொல்றேன்னு கோவிச்சுக்காதே. இப்பவும் உன் பட்டை அணைஞ்சுதானே கிடக்குது? விரல் போன பிறகும் சார்ஜ் போடத் தோணலையா உனக்கு?"

மரகதம் பட்டையைப் பார்த்தாள்.

"ஆட்டோவுல வாரப்ப எரிஞ்சுதுங்களே!"

"எரிஞ்சா எங்க போகும்?"

"சாமி சத்தியமாச் சொல்றனுங்க. வாசல்ல இறங்கறப்பக்கூடப் பாத்தேன். அந்தக் கையி போனதுலருந்து நிமிசத்துக்கு ஒருக்கா அதயேதான் பாத்துட்டிருக்கறேன்."

அவள் எழுந்தாள். துளசிமணியின் பதிலுக்குக் காத்திராமல் விடுவிடுவென்று நடந்து வாசலைத் தாண்டி வேப்பமரத்தடியில் போய் நின்றாள். துளசிமணி பின்னாலேயே போனாள், வாயில் இன்னும் ஒரு புத்திமதியை வைத்துக்கொண்டு. மரத்தடியில் மரகதம் கையை நீட்டினாள். பட்டை மூன்று தடவை டிக், டிக், டிக் என்றது. பச்சைப் புள்ளி எரிந்தது.

"உள்ள வா," என்றாள் துளசிமணி.

உள்ளே வந்தார்கள். அணைந்தது. வெளியே போனார்கள். எரிந்தது. நாலு தடவை போய் வந்தார்கள். வாட்ச்மேன், இவர்களுக்கு என்ன பிடித்துவிட்டது என்று எட்டிப் பார்த்தார். ஐந்தாவது தடவை உள்ளே வந்தபோது துளசிமணி மேலே பார்த்தாள். கூரையில் வரிசையாக இருபத்துநாலு விழிச்சுடர் விளக்குகள், மில்லில் மாட்டிய அதே விளக்குகள். சான்றிதழ் கிடைத்த மகிழ்ச்சியில் விளக்குக் கம்பெனி ஆய்வகத்துக்கு இனாமாக மாட்டிவிட்டுப் போனவை. ஒவ்வொரு விளக்கின் நடுவிலும் மிளகளவு கறுப்புக் கண். ஆள் இருந்தால் எரியும், போனால் அணையும், யார் யார் எத்தனை மணிக்கு எங்கே நின்றார்கள் என்று கணக்கு எடுக்கும். மில்காரர்களுக்கு அந்தக் கண்தான் முக்கியம், வெளிச்சம் இரண்டாம் பட்சம்.

"அந்த மூணு டிக் இருக்குதே, அது எப்ப அடிக்கும் தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள்.

"தெரியுமுங்க. ஷிப்ட் முடிஞ்சு மில்லு கதவைத் தாண்டினா அடிக்கும்."

"என்னது?"

"தினமும் அடிக்குமுங்க, அல்லாருக்கும். விளக்கு மாத்தின அஞ்சு மாசமாத்தான் அடிக்குது. முந்தி மில்லுல சங்கு ஊதுவாங்கல்லங்க, அந்த மாதிரி, வேலை முடிஞ்சுது ஊட்டுக்குப் போ அப்படின்னு பட்டையே சொல்லுதுன்னு நாங்க நெனச்சுக்கிட்டோம். 'சங்கு ஊதியாச்சு வாங்கடி'ன்னு சிரிச்சுட்டே போவமுங்க."

துளசிமணிக்கு விளங்கிவிட்டது. விட்டுப்போன தொடர்பு திரும்பக் கிடைத்தால்தான் பட்டை மூன்று தடவை அடிக்கும். தொடர்பு போகும்போது அடிக்காது, புள்ளி மட்டும் அணையும். செய்தவன் புத்தி அப்படி. அந்தப் புள்ளியும் மில்லில் கட்டாயம் போடச் சொல்கிற முழுக்கைக் கோட்டுக்குள் மறைந்துபோகும். ஆக, ஐந்து மாதமாக இந்தப் பெண்கள் ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் மணியே இல்லாமல் மிஷின் பக்கம் நின்றிருக்கிறார்கள். வெளியே வந்ததும் பட்டை, 'இப்போதுதான் கண் விழித்தேன்' என்று சொல்லியிருக்கிறது. அதைச் சங்கு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

"விளக்குக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று மரகதம் கேட்டாள். "வெளிச்சந்தானுங்களே அது?"

"எலக்ட்ரானிக் விளக்கு எதுவானாலும் வெளிச்சத்தோட ரேடியோ இரைச்சலையும் கக்கும் அம்மிணி. கண்ணுக்குத் தெரியாது. இரைச்சல் அளவுக்குள்ள இருந்தா யாருக்கும் தொந்தரவில்லை. மீறினா உன் சில்லு பேசறது பட்டைக்குக் கேக்காது. சந்தையில நின்னு காதுக்குள்ள ரகசியம் சொன்னாக் கேக்குமா?"

"அதை அளந்துதானுங்களே நீங்க கையெழுத்துப் போட்டீங்க?"

துளசிமணி கண்ணாடியைக் கழற்றினாள், துடைக்காமலேயே மாட்டிக்கொண்டாள்.

மரகதத்தை அனுப்பிவிட்டு விழிச்சுடர் கோப்பை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் தங்கமுத்துவின் அறைக்குப் போனாள். தங்கமுத்து அவளோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் படித்தவன். அவனைத் திட்ட அவளுக்கு முன் அனுமதி தேவையில்லை.

"இந்த விளக்கை எவன்டா அளந்தது? கண்ணைக் கழட்டிட்டு அளந்திருக்கான்! சோதனைப் படத்தைப் பாரு. நடுவுல ஓட்டைதான் இருக்குது. கண்ணு மேசை ஓரத்துல தனியாக் கிடக்குது. கண்ணில்லாத விளக்கை அளந்து கண்ணுள்ள விளக்குக்குச் சீட்டு கொடுத்திருக்கோம். நானும் படத்தைப் பாக்காமக் கையெழுத்துப் போட்டிருக்கேன். துப்புக் கெட்ட வேலை!"

"சத்தம் போடாதே துளசி. விதிப்படிதான் செஞ்சிருக்காங்க."

"எந்த விதி?"

தங்கமுத்து அலமாரியிலிருந்து ஒரு சிறிய கையேட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, அவள் முன்னால் வைத்தான். துளசிப் பெட்டியைப் பயன்படுத்தும் முறை. பதினாலாம் விதி. 'விளக்கோடு சேர்ந்துவரும் துணைப் பொருள்களையும் அவற்றின் ஒயர்களையும் கழற்றிவிட்டு அளக்கவும்.' கீழே எழுதியவர் பெயர்: கே. துளசிமணி.

அவளுக்கு அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு விளக்கின் ரேடியோ இரைச்சலை அளக்க நுரை அறை வேண்டும். சுவரெல்லாம் ரேடியோ அலையை விழுங்கும் நீலநிற நுரைக் கூம்பு, நடுவில் சுழலும் மேசை, மூன்று மீட்டர் தள்ளி ஆன்டெனா. ஊரில் சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் அதற்கு நாள் வாங்கவே ஆறு மாதம் காத்துக்கிடப்பார்கள். பெரிய கம்பெனிகள் முந்திக்கொள்ளும். அதைப் பார்த்து வயிறெரிந்துதான் அவள் மாற்று முறை ஒன்றைக் கண்டுபிடித்தாள். சாதாரண விளக்கில் இரைச்சல் பெரும்பாலும் மின்சார ஒயர் வழியாகத்தான் வெளியே வரும். எனவே ஒரு தகடு, அதன்மேல் பத்து சென்டிமீட்டர் மரக்கட்டை, கட்டைமேல் விளக்கு, ஒயரைப் பெட்டியில் செருகு, ஒயரில் வருகிற இரைச்சலை அள. குழாய்த் தண்ணீரை நக்கிப் பார்த்துக் கிணற்று உப்பைச் சொல்கிற மாதிரி. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பெட்டியில் ஒரே ஒரு ஒயருக்குத்தான் துளை. அப்போது ஒருவர் விளக்கோடு காலிங் பெல்லைச் சேர்த்துக் கொண்டுவந்தார், இன்னொருவர் கொசுவிரட்டியையே சேர்த்துக் கொண்டுவந்தார். இவர்களோடு மல்லுக்கட்ட முடியாமல் எழுதிய வரிதான் பதினாலாம் விதி. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்த கதை.

"காலிங் பெல்லுக்கு எழுதின விதிடா இது! கண்ணு துணைப் பொருளா? அதுக்குள்ள ஒரு மூளையே இருக்குது. படபடன்னு துடிக்கற மூளை. அந்தக் கண்ணே ஆன்டெனா மாதிரி வீசும். என் பெட்டி முந்நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல கேக்கவே கேக்காது. முன்மணி பேசறது நானூத்து ரெண்டுல. வேகமா ஓடற சில்லு உள்ள இருந்தாப் பெட்டி செல்லாது, நுரை அறைக்குத்தான் போகணும்னு மூணாம் விதியில எழுதியிருக்கேனே, அதைப் படிக்கலையா யாரும்?"

"படிச்சாங்க. கண்ணைக் கழட்டிட்டா உள்ள வேகமான சில்லு இல்லை. அப்பப் பெட்டி செல்லும். எல்லா ஆய்வகத்துலயும் பத்து வருஷமா இப்படித்தான் பண்றாங்க. யாரும் விதியை மீறலை துளசி."

யாரும் விதியை மீறவில்லை! இதைவிடக் கொடுமையான வார்த்தையைத் துளசிமணி அதுவரை கேட்டதில்லை. திருடன் ஒருவன் இருந்தால் கழுத்தைப் பிடிக்கலாம். இங்கே எல்லாருமே யோக்கியர்கள். கம்பெனி யோக்கியம், ஆய்வகம் யோக்கியம், கையெழுத்துப் போட்டவளும் யோக்கியம். மரகதத்தின் விரல்கள் மட்டும் போய்விட்டன.

"நம்ம நுரை அறையைத் திறக்கச் சொல்லு," என்றாள்.

"அதையா? அது குடோனாச்சே."

உண்மைதான். துளசிப் பெட்டி வந்த பிறகு நுரை அறைக்கு வேலையில்லை. கதவைத் திறந்தபோது உடைந்த நாற்காலிகள், போன ஆயுத பூஜையின் வாடிய பூசணிக்காய்கள், ஆய்வகத்துக் கிரிக்கெட் அணி வாங்கிய ஒரே ஒரு கோப்பை எல்லாம் உள்ளே கிடந்தன. நீலக் கூம்புகளை எலி கடித்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், இவர்கள் நுரை அறையிலேயே மறைத்துவிட்டார்கள். துளசிமணி தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தானே நாற்காலிகளை இழுத்து வெளியே போட்டாள். அடுத்த நாள் மதியம் விழிச்சுடர் விளக்கைக் கண்ணோடு சேர்த்து மேசையில் ஏற்றி, கதவைச் சாத்தி, ஆன்டெனாவை இயக்கினாள். திரையில் நானூற்றிரண்டில் கோடு வரம்பைத் தாண்டி எழும்பி நின்றது. கண்ணைக் கழற்றியதும் படுத்துக்கொண்டது.

தங்கமுத்து திரையைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான்.

"இப்படிச் சீட்டு வாங்கின கண்ணு வச்ச விளக்கு நாலு லட்சம் இருக்கும் துளசி. ஆஸ்பத்திரியில இருக்குது. பள்ளிக்கூடத்துல இருக்குது. நீ நாளைக்கு அங்க போய் வாயத் திறந்தீன்னா நாம கடையைக் கட்டிட்டுப் போகவேண்டியதுதான். விதிப்படி விளக்கு சரின்னு ஒரு வரி சொல்லு. அது பொய்யும் இல்லையே."

"பொய் இல்லைதான். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்," என்றாள் துளசிமணி.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பொன்னூத்து மில்லின் சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. மேலே வரிசையாக விழிச்சுடர் விளக்குகள். நீள மேசையின் தலைமாட்டில் விசாரணை அதிகாரி செலஸ்டின் மேரி, ஐம்பது வயது, சிரிக்கப் பயந்தவர் போன்ற முகம். ஒரு பக்கம் முன்மணிக்காரிகள் பன்னிரண்டு பேர், மரகதம் முதலாவதாக. எதிர்ப்பக்கம் மேலாளர் ஜெயகோபால். ஏப்ரல் வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பித்தான் போட்டிருந்தார். புருவத்தின் மேல் தையல் போட்ட தழும்பு. அதிகாரி விசாரித்தபோது, "பாத்ரூமில வழுக்கிட்டேனுங்க" என்று சிரித்து மழுப்பினார்.

ஆள் கெட்டவர்போலத் தெரியவில்லை. பேச்சுதான் வெல்லத்தில் தோய்த்த ஊசி.

"இவங்க மேல எனக்கு வருத்தம் நெறைய இருக்குதுங்க மேடம். ஆனா நின்னுட்டிருக்கிற ஆளு எப்ப விழுவாங்கன்னு தெரியாம மிஷின் பக்கம் எப்படிங்க விடறது? மணி இருக்குதுன்னு சொல்லித்தான் வேலைக்கு வந்தாங்க. மணியை ஒழுங்கா வச்சுக்கலை. விளக்கு மேல பழி போடறாங்க. சான்றிதழ் கொடுத்த மேடமே வந்திருக்காங்க, கேட்டுக்கங்க."

அதிகாரி துளசிமணியைப் பார்த்தார். "விளக்குகள் சோதனை விதிகளை மீறி இருக்கா?"

"இல்லைங்க."

மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"விதிப்படி இந்த விளக்கு சுத்தம். விதியை எழுதினது நான். விதி தப்பு," என்றாள் துளசிமணி. நுரை அறையில் எடுத்த அளவுகளை மேசைமேல் வைத்தாள். கண்ணைப் பற்றி, பதினாலாம் விதியைப் பற்றி, காலிங் பெல்லைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. "என் கையெழுத்தை நம்பித்தான் இந்தப் பொண்ணு அந்த மிஷின் பக்கம் நின்னுச்சு. நான் அளந்தேன்னு சொன்னேன். அளக்கலை. அளக்க வேண்டியதைக் கழட்டி ஓரமா வச்சுட்டு மிச்சத்தை அளந்தேன். இதுக்கு என்னைக் கேளுங்க, அவளைக் கேக்காதீங்க."

"இது உங்க ஆய்வகத்துல எடுத்த கணக்குங்க மேடம்," என்றார் ஜெயகோபால் மெதுவாக. "எங்க மில்லுல அப்படித்தான்னு என்ன நிச்சயம்?"

"இங்கேயே பாத்துடலாம். அம்மிணிகளா, எல்லாரும் கையை மேசைமேல வையுங்க. கோட்டுக் கையை மடிச்சு விடுங்க."

பன்னிரண்டு கைகள் மேசைக்கு வந்தன. பன்னிரண்டு பட்டைகள். ஒன்றிலும் பச்சைப் புள்ளி இல்லை. அதிகாரி எழுந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

"எல்லாரும் சார்ஜ் போட மறந்துட்டாங்களா சார்?" என்று ஜெயகோபாலைக் கேட்டாள் துளசிமணி. "விளக்கு எரியட்டும். கண்ணை மட்டும் அணைக்கச் சொல்லுங்க."

"கண்ணை அணைச்சா வருகைப் பதிவு நின்னு போகுமுங்க. அது மில்லு முழுக்க ஒரே இணைப்பு. இப்ப முடியாது." அவர் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இதெல்லாம் அங்கீகரிச்ச சோதனை முறையும் இல்லைங்களே மேடம்."

"பிஸ்கட் தகரமும் ஒரு காலத்துல அங்கீகரிச்ச முறையில்லை சார்."

"அணையுங்க," என்றார் அதிகாரி.

மூலையிலிருந்த பெட்டியை யாரோ திறந்து விசையை இறக்கினார்கள். வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை. கண்கள் மட்டும் செத்தன. இரண்டு விநாடி ஒன்றுமில்லை. பிறகு டிக், டிக், டிக் என்று ஒரு பட்டை, உடனே இன்னொன்று, அப்புறம் தவளைக் கூட்டம்போல எல்லாம் சேர்ந்துகொண்டன. மேசை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஒரு பெண் சத்தமாக அழ ஆரம்பித்தாள். "சங்கு ஊதிருச்சுடி," என்றாள் பக்கத்திலிருந்தவள், அவளும் அழுதாள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, தனியாக, பின்தங்கி, டிக், டிக், டிக் என்று இன்னொன்று கேட்டது. அது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

துளசிமணி வாழ்நாளெல்லாம் சத்தங்களைப் பிரித்துக் கேட்டவள். தப்பாகக் கேட்க வழியில்லை. ஜெயகோபாலைப் பார்த்தாள். அவர் மணிக்கட்டை மேசைக்குக் கீழே இறக்கியிருந்தார். முகத்தில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. புருவத்தின் மேலிருந்த தழும்பு இப்போது அவளுக்குப் புரிந்தது.

அடப்பாவி மனுஷா! ஒவ்வொரு சாயந்தரமும் கார் நிறுத்துகிற இடத்துக்குப் போனதும் அந்தச் சத்தம் இவருக்கும் கேட்டிருக்கும். இவர் படித்தவர். முன்மணியின் குறிப்புப் புத்தகத்தை வரி விடாமல் படித்திருப்பார். அந்தப் பெண்கள் சங்கு என்று நினைத்ததை இவர் அப்படி நினைத்திருக்க முடியாது. துளசிமணிக்கு உச்சந்தலைவரை எரிந்தது. எழுந்துபோய் அந்தச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, நடுச்சபையில் காட்டிவிடலாமா என்று இருந்தது. காட்டினால்? நாளைக்கே அவருக்கும் வேலை போகும். இந்தப் பன்னிரண்டு பேருக்கு எது நடக்கக்கூடாது என்று வந்தாளோ, அதுவேதான் அவருக்கு நடக்கும்.

"பதிவுக்காகக் கேக்கறேன்," என்றார் அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு. அவர் பன்னிரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர். "கண்ணை அணைச்ச பிறகு எத்தனை பட்டை பேசுச்சு?"

"பன்னண்டுங்க," என்றாள் மரகதம் சட்டென்று. அவள் மேலாளருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்டிருந்தது. அவரைப் பார்க்காமலேயே சொன்னாள். "பன்னண்டு பேருதானுங்க இருக்கறோம்."

"நீங்க சொல்லுங்க," என்று அதிகாரி துளசிமணி பக்கம் திரும்பினார். "அளந்து சொல்றவங்க நீங்கதானே?"

துளசிமணி கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு தடவை கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு அளந்ததற்கு என்ன ஆயிற்று என்று மேசைமேல் மரகதத்தின் கட்டுப்போட்ட கை சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் கேட்டது பதிமூணுங்க," என்றாள். "யாரோடதுன்னு சொல்ற உரிமை கட்டியிருக்கறவங்களுக்குத்தான். நான் சொல்ல மாட்டேன். ஆனா பதிமூணைப் பன்னண்டுன்னு மறுபடியும் கையெழுத்துப் போடமாட்டேன்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். பெண்கள் தங்கள் கைகளை எண்ணினார்கள், பக்கத்துக் கைகளை எண்ணினார்கள். ஜெயகோபால் இடது கையை மேலே எடுத்து, பித்தானைக் கழற்றி, சட்டையை மடித்துவிட்டார். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"பதிமூணுன்னே எழுதிக்கங்க மேடம்," என்றார். "எனக்கும் ஒரு வருஷமா இருக்குது. வெளிய தெரிஞ்சா யாரு என்னை மேனேஜரா வச்சுக்குவாங்கன்னு..."

மரகதம்தான் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்களுக்கு அது சங்குன்னு தோணுச்சுங்க சார்," என்றாள். "உங்களுக்கு அது என்னன்னு தெரிஞ்சுதானுங்களே இருந்துச்சு?"

அதிகாரி அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டார், பதிலுக்கு இடம் விட்டு.